அறுபத்து மூன்று நிறுத்தம்

வடவள்ளி மாவு மில் சென்னியப்பன் அந்த மழைக்காலம் முழுக்கச் சைக்கிளில் ஏறவே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவர் வாயிலிருந்து இது வரப்போவதில்லை.

ஏற நினைக்காமல் இல்லை. ஜூன் மாதமே திட்டம் போட்டார். பந்தயங்கள் பெரும்பாலும் மார்கழி, தையில்தான் நடக்கும். அதற்கு முந்தைய ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்கிறவர்தான் அன்றைக்கு நாக்குத் தள்ளாமல் ஓட்டுவார் என்பது அவருடைய சைக்கிள் சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் குடும்பஸ்தனுக்கு நேரம் எங்கே இருக்கிறது? ஏழு மணிக்கு மில்லைத் திறக்க வேண்டும். மனைவி சுமதி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்குக் காலை டியூட்டி என்றால் இரண்டு பெண்களுக்கும் தலை பின்னிவிடுவது இவர் வேலை. கூட்டிக் கழித்துப் பார்த்ததில் ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம் தேறியது. அந்த நாற்பது நிமிடத்தில் என்னென்ன செய்வது என்று சார்ட் பேப்பர் வாங்கி, நாலு கலர் பேனாவில் கட்டம் கட்டி எழுதினார். முதல் வாரம் மழை பெய்தது, கட்டத்தைத் திருத்தினார். இரண்டாம் வாரம் சுமதிக்கு டியூட்டி மாறியது, மறுபடியும் திருத்தினார். இப்படித் தினமும் அந்த நாற்பது நிமிடமும் திட்டத்தைத் திருத்துவதிலேயே போய்ச்சேர்ந்தது. ஆகஸ்டில் சார்ட் பேப்பர் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. இவருக்குத் தொப்பை விழுந்திருந்தது.

சங்கத்துக்காரர்கள் ஆளுக்கொரு வாட்ச் கட்டியிருப்பார்கள். எத்தனை கிலோமீட்டர், என்ன வேகம், நாடி எப்படித் துடித்தது எல்லாம் அதில் பதிந்து, தானாகவே கேப்டனின் போனுக்குப் போய்விடும். வாராவாரம் சென்னியப்பன் பெயருக்கு நேரே பூஜ்யம் விழுந்தது. அந்தப் பூஜ்யம் அவரைத் தூங்கவிடவில்லை. ஒருநாள் வீட்டுக்குப் பால் ஊற்ற வந்த ஆறுச்சாமி, கேன்கள் தொங்கும் தன் பழைய சைக்கிளை வாசலில் நிறுத்தியபோதுதான் இவருக்குப் புத்தி வேலை செய்தது. இந்த வாட்ச் ஓட்டத்திலேயே இருக்க வேண்டும், சும்மா வைத்தால் கெட்டுப்போகும், நான் மில்லில் ஒரே இடத்தில் நிற்கிற ஆள், காலையில் கொஞ்சம் கட்டிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். ஆறுச்சாமி மறு கேள்வி கேட்கிற ஆள் இல்லை. மூன்று மாதமாகக் கட்டிக்கொண்டு போகிறார். சென்னியப்பன் தினமும் மொத்தக் கிலோமீட்டரை மட்டும் பார்த்துப் பூரித்துப்போவார். முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு. அந்த மனிதர் எந்தெந்தத் தெருவில் பால் ஊற்றுகிறார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இதெல்லாம் எதற்கென்றால், தை மாதம் பொள்ளாச்சியில் நாலு பேர் சேர்ந்து ஓட்டுகிற பந்தயம் இருந்தது. கேப்டனையும் சேர்த்து மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நாலாவது இடத்துக்குத்தான் ஆள் வேண்டும். போன வருடம் அவர் தனியாக ஓட்டிய பந்தயத்தில் கடைசிக்கு முந்தி வந்தார். ஆனாலும் கோட்டைத் தாண்டும்போது இரண்டு பெண்களும் அப்பா அப்பா என்று கத்திய சத்தம் இன்னும் அவர் காதில் இருந்தது. மில்லில் நாள் முழுக்க யாரும் அவரை அப்படிக் கூப்பிடுவதில்லை. அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்க வேண்டும், அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். பெண்களிடம் அப்பாதான் நாலாவது ஆள் என்று சொல்லியும்விட்டார்.

கார்த்திகை கடைசி ஞாயிறு, காலை ஆறரை மணிக்கு, மருதமலை ரோட்டுப் பேக்கரியில் சங்கம் கூடியது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலத்தில் என்ன பயிற்சி செய்தோம் என்று ஒவ்வொருவரும் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். கையில் இருக்கிற டீ ஆறுவதற்குள் பதில் வந்தாக வேண்டும். யோசித்துப் பதில் சொல்கிறவன் பொய் சொல்கிறான் என்பது அவர்கள் கணக்கு. சென்னியப்பன் விஷயத்தில் அது தலைகீழ். அவருக்கு யோசிக்க நேரம் கொடுத்தால்தான் உண்மை வரும்.

கேப்டன் கோகிலவாணி தபால் ஆபீசில் வேலை பார்க்கிறாள். யார் கடிதம் எந்தத் தெருவுக்குப் போகும் என்று தூக்கத்திலும் சொல்வாள். பக்கத்தில் மாட்டு டாக்டர் லூர்துசாமி. அவர் மாடு சொன்னாலும் நம்பமாட்டார். சென்னியப்பன் எல்லோருக்கும் கடைசியாக வந்து, காலையிலேயே முப்பத்தெட்டு முடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். சட்டையில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. வாட்ச் எங்கே என்று கேட்டதற்குச் சார்ஜில் போட்டிருப்பதாகச் சொன்னார்.

கோகிலவாணி போனைத் திறந்து வைத்துக்கொண்டு, நாற்பது நிமிடம்தான் நேரம் இருக்கிறது என்றீர்களே, இதில் தினமும் நாலு மணி பத்துக்குக் கிளம்பி இரண்டு மணி நாற்பது நிமிடம் ஓட்டியதாக இருக்கிறதே, எப்போது தூங்குகிறீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"சைக்கிள்லதானுங்க தூங்கறது," என்றார் சென்னியப்பன். "மேடு ஏறையில இடது கண்ணு தூங்கும், எறக்கத்துல வலது கண்ணு தூங்கும். சமமான ரோட்டுல ரெண்டும் முழிச்சிருக்கும். முழுசா முழிச்சு ஓட்டறது நாற்பதே நிமிசம்தானுங்க."

லூர்துசாமி டீயை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டார். கோகிலவாணி மட்டும் சிரிக்காமல் அடுத்ததைக் கேட்டாள். தினமும் அறுபத்து மூன்று இடத்தில் நின்றிருக்கிறீர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம், ஏன்?

இந்த நிறுத்தங்களைப் பற்றிச் சென்னியப்பன் இப்போதுதான் கேள்விப்படுகிறார். ஆனால் டீ ஆறிக்கொண்டிருந்தது. நின்ற இடத்தில் எல்லாம் ஐம்பது பஸ்கி எடுத்ததாகச் சொன்னார். தொடைக்கு அதுதான் மருந்து. ஒரே மாதத்தில் தொடை இரும்பாகிவிட்டது, கால் ஊன்றிய இடமெல்லாம் தார் உள்வாங்க ஆரம்பித்தது. வடவள்ளி ரோடு முழுக்கக் குழி குழியாகக் கிடக்கிறதே, மழையால் வந்தது என்றா நினைத்தீர்கள்? ஜனங்கள் பாவம், காண்ட்ராக்டரைத் திட்டுகிறார்கள் என்று வருத்தப்பட்டார்.

அத்தனை பலமான தொடைக்குச் சராசரி வேகம் பதினாலுக்கு மேல் போகவில்லையே என்றார் லூர்துசாமி.

பாரம் ஏற்றித்தானே ஓட்டினேன் என்றார் இவர். முதல் மாதம் ஒரு மூட்டை கேழ்வரகு. அது கனமாகவே தெரியாமல் போனதால் இரண்டு. அதுவும் தெரியாமல் போனதால் மில்லில் இருக்கிற அரைக்கும் கல்லையே கழற்றிப் பின்னால் கட்டிவிட்டார். அப்புறம் ஒருநாள் திரும்பிப் பார்க்கிறார், பின்சக்கரம் சுற்றுகிற வேகத்துக்குக் கல்லும் சுற்றி, கேழ்வரகு மாவாக வந்துகொண்டிருக்கிறது. மூன்று நாள் கரண்ட் இல்லாத போதுகூட வடவள்ளியில் ஒரு வீட்டிலும் களிக்கு மாவு இல்லை என்று ஆகவில்லை. பெண்கள் வாசலில் பாத்திரத்தோடு நிற்பார்கள். நின்று நின்று போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று சேர்த்துக்கொண்டார்.

கோகிலவாணி தலையை ஆட்டினாள். "வாசல்ல பாத்திரத்தோட நின்னாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமாங்க. சொம்பு, போசி, கையில எது கெடைச்சுதோ அது."

அதைக் கேட்டு அவள் லூர்துசாமியை ஒரு பார்வை பார்த்தாள். சென்னியப்பனுக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. ஆனால் அதற்குள் நாடிக்கு வந்துவிட்டார்கள். இத்தனை பாரத்தோடு ஓட்டியும் சராசரி நாடி நிமிடத்துக்கு எண்பதைத் தாண்டவில்லை, இது நல்ல தேர்ந்த ஆளின் நாடி, உங்களுக்கு எப்படி வந்தது என்று டாக்டர் கேட்டார்.

எண்பதெல்லாம் வண்டி ஓட்டும்போதுதான், சும்மா உட்கார்ந்திருந்தால் நிமிடத்துக்கு நாலுதான் என்றார் சென்னியப்பன். அக்டோபரில் ஒருநாள் மதியம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்திருக்கிறார். நாடி மூன்றுக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஓவென்று கத்தி, சாமியானா போட்டு, சங்கு ஊதுகிறவரையும் வரவழைத்துவிட்டார். சென்னியப்பன் எழுந்து, கூட்டத்தில் யாருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல், வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். மாமனார் கோடித் துணி எடுத்துக்கொண்டு வந்தவர், எடுத்த துணியைக் கடையில் திருப்பி வாங்கமாட்டார்கள் என்று கையில் திணித்துவிட்டுப் போனாராம். இப்போது போட்டிருக்கிற சட்டை அதில் தைத்ததுதான் என்று காலரை இழுத்துக் காட்டினார்.

இந்த இடத்தில் டீ மாஸ்டரே வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். கேட்கிறவர்கள் முகத்தில் சிரிப்பைப் பார்த்ததும் சென்னியப்பனுக்குப் பயம் போயேபோய்விட்டது. இவர்கள் நம்புகிறார்களா இல்லையா என்பதைக்கூட மறந்துவிட்டார்.

ஐப்பசியில் உங்கள் அக்கா மகன் கல்யாணத்துக்குப் பழனி போயிருந்தீர்களே, விடியற்காலை முகூர்த்தத்தில் நீங்கள் நிற்கிற போட்டோ என்னிடமே இருக்கிறது, அன்றைக்கும் வடவள்ளியில் முப்பத்தெட்டு பதிந்திருக்கிறது என்று கோகிலவாணி சொன்னபோது, அவர் அசரவே இல்லை. பயிற்சியை விடக்கூடாது என்று முகூர்த்தத்துக்கு நடுவே கிளம்பி வந்து ஓட்டிவிட்டுத் திரும்பிப் போனேன் என்றார்.

"தாலி கட்டையில கெட்டிமேளம் கொட்டுனாங்க பாருங்க, அப்பக் கெளம்புனேன். வடவள்ளி வந்து சேந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சு முடிச்சப்பறந்தான் அந்த மேளச் சத்தம் என் காதுக்கே வந்து சேந்துதுங்க."

கடைசியாக ஒன்றே ஒன்று என்றாள் கோகிலவாணி. தினமும் நாற்பத்தோராவது நிறுத்தம் தாண்டியதும் இருநூறு மீட்டர் தூரத்துக்கு வேகம் திடீரென்று நாற்பத்து மூன்றுக்கு ஏறுகிறது. நாடியும் குதிக்கிறது. எங்கள் மூன்று பேரில் யாருக்கும் அந்த வேகம் வராது. அங்கே என்ன நடக்கிறது?

சென்னியப்பன் கிளாஸைக் கீழே வைத்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"சிறுத்தைங்க. மலையடிவாரத்துல இருந்து எறங்கி, தெனமும் அந்த எடத்துல எனக்காகவே காத்திருக்கும். மொதல்ல தின்னறதுக்குத்தான் தொரத்துச்சு. பிடிக்க முடியாமப் போகப் போக அதுக்கும் ஒரு ரோசம் வந்துருச்சு. இப்ப பாத்தீங்கன்னா அதுவும் பயிற்சி எடுக்குது. போன வாரம் நான் கொஞ்சம் மெதுவாப் போனேன், அது நின்னு என்னைத் திரும்பிப் பாத்துது பாருங்க, எனக்கே வெக்கமாப் போச்சு."

சிறுத்தை அவ்வளவு தூரம் ஓடாது என்று லூர்துசாமி தொழில்முறையில் ஆரம்பித்தார். கோகிலவாணி கையைக் காட்டி நிறுத்தினாள். போனில் வரைபடத்தைத் திறந்து மேசையில் வைத்தாள். வடவள்ளியின் ஒவ்வொரு சந்துக்குள்ளும் ஒரு சிவப்புக் கோடு புகுந்து புகுந்து வெளியே வந்திருந்தது. வரைபடம் என்று ஒன்று இருப்பதையே சென்னியப்பன் அன்றுதான் பார்த்தார்.

"அறுபத்து மூணாவது நிறுத்தம் எதுன்னு பாருங்கண்ணா," என்றாள்.

கோடு முடிகிற இடத்தில் இந்தப் பேக்கரி இருந்தது. தினமும் ஆறு ஐம்பதுக்கு. சுவரில் இருந்த கடிகாரம் ஆறு நாற்பத்தொன்பது காட்டியது.

வெளியே பெல் சத்தம் கேட்டது. ஆறுச்சாமி சைக்கிளை நிறுத்தி, கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மணிக்கட்டில் சென்னியப்பனின் வாட்ச் பச்சை விளக்கோடு துடித்துக்கொண்டிருந்தது. "அட, நீங்க இங்கதான் இருக்கீங்களாங்க?" என்று அவர் சந்தோஷமாக அதைக் கழற்றி நீட்டினார். "நல்லா ஓடுதுங்க. ஒருநாள்கூட நிக்கலைங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை என்று சென்னியப்பனுக்கு இருந்தது. வாட்சை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பெண்கள் இரண்டு பேரும் வீட்டில் எழுந்து, அப்பா என்ன சொல்லிக்கொண்டு வருவார் என்று காத்திருப்பார்கள்.

கோகிலவாணி ஆறுச்சாமிக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டாள். இந்தக் கோடு பால் ஊற்றும் லைன் என்பது முதல் வாரமே தெரிந்துவிட்டதாம், தபால்காரர்கள் போகிற வழியும் இதுதானே. நாற்பது லிட்டர் பாலைக் கட்டிக்கொண்டு நாற்பத்து மூன்று வேகத்தில் போகிற கால் யாருடையது என்று விசாரித்து, போன வாரமே ஆறுச்சாமியிடம் பேசிவிட்டாளாம். நாலாவது இடம் அவருக்கு. உயரம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான் என்பதால் சென்னியப்பனின் பந்தய சைக்கிள் அவருக்குச் சரியாக இருக்கும்.

"அது சரி, பால் யாரு ஊத்தறதுன்னுதான் ஆறுச்சாமி அண்ணன் யோசிச்சாரு," என்றாள். "நீங்க இருக்கீங்கன்னு சொல்லீட்டேன். உங்களுக்குத்தான் அறுபத்து மூணு நிறுத்தமும் தெரியுமே."

"ஒரு நாளைக்குத்தானுங்களே?" என்றார் சென்னியப்பன் மெல்ல.

"ரெண்டு மாசம். அண்ணன் பயிற்சிக்கு வரோணுமில்ல. நாலு பத்துக்குக் கெளம்பிருங்க. பங்குனியில உடுமலையில ஒரு பந்தயம் இருக்குது, அதுக்குள்ள உங்களுக்கும் கால் வந்துரும்."

சென்னியப்பன் நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். கேன்கள் தொங்க அந்தச் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. பார்க்கவே கனமாக இருந்தது. நாலு பத்தில் இருந்து ஆறு ஐம்பது வரை என்று மனது தன்பாட்டுக்குக் கட்டம் கட்ட ஆரம்பித்தது. இந்தக் கட்டத்தில் திருத்த ஒன்றும் இல்லை.

ஆறுச்சாமி ஊற்றிய பாலில் டீ வந்தது. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, மறந்துபோய்விடக் கூடாதே என்று சென்னியப்பன் பக்கம் குனிந்தார்.

"நாப்பத்தொண்ணாவது வீடு தாண்டுனா ஒரு நாய் இருக்குதுங்க. இத்துனூண்டு நாய்தானுங்க, பூனை உசரம்கூட வராது. ஆனா பயப்படற ஆளுன்னா மட்டும் விடாதுங்க."