தேவர் கூட்டத்தில் சிக்கிய ராஜா

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைச்சலாகவும் ஆசை அதிகமாகவும் இருந்த காலத்தில், ஒரு ராஜாவுக்குத் தம் தலைநகரத்தின் மேல் ஒரு புராணம் பாட வைக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. ராஜாவுக்குத் தோன்றிவிட்டால் சும்மா விடுவார்களா? ஆஸ்தானப் புலவர் மேகநாதக் கவிராயர் அன்றைக்கே எழுத்தாணியைத் தூக்கினார்.

நகரத்தின் பெயர் திருப்பொன்னாவல். பழைய ஊர், பெரிய கோயில், புண்ணிய ஸ்தலம். தேர்த் திருவிழா என்றால் எங்கெங்கிருந்தோ ஜனங்கள் கட்டுச்சோறு தீர்ந்த பிறகும் விடாமல் நடந்து வந்து சேருவார்கள். கோட்டை வாசலிலிருந்து கோபுரம் வரைக்கும் நீளமாகச் சந்நிதித் தெரு. அதில் பூக்கடை, வளையல் கடை, பொரிக்கடை. அந்தத் தெருவில் காது கொடுத்துக் கேட்க முடியாது, அவ்வளவு சத்தம்.

கவிராயர் பாடி முடித்துச் சபையில் வாசித்துக் காட்டினார். அடேயப்பா, என்ன வர்ணனை! மாளிகை உச்சி உரசி உரசியே நிலவில் கறை விழுந்ததாம். பசி என்றால் என்னவென்றே நகரத்தில் எவருக்கும் தெரியாதாம். சந்நிதித் தெருவில் தேவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பார்களாம், முடிமன்னரும் அவர்களுக்கு வழிவிட்டுக் காத்து நிற்பார்களாம். கவிராயர் பாட்டு என்றாலே கொட்டாவி விடுகிற ராஜாவுக்கு அன்று தலைகால் புரியவில்லை.

அந்தச் சபையில் கூத்தபிரான் என்று ஒரு விகடன் இருந்தான். அவனைக் கண்டாலே கவிராயருக்கு ஆகாது. தம் பாட்டுக்குத் தூங்கி வழிகிற ராஜா இவன் பேச்சுக்கு மட்டும் விழுந்து விழுந்து சிரித்தால் எந்தப் புலவருக்குத்தான் வயிறு எரியாது? கூத்தபிரான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தானா? சந்நிதித் தெருவில் பொரிக்கடை இருக்கிறதே, அது எந்தப் பாட்டில் வருகிறது என்று கேட்டு வைத்தான். சபை கொல்லென்று சிரித்தது.

கவிராயர் சிரிக்கவில்லை. ராஜாவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"மகாராஜா, குறை பாட்டில் இல்லை, தெருவில் இருக்கிறது. புராணத்தில் இல்லாத கடைகள் புண்ணிய நகரத்தில் எதற்கு? தேர் அன்று அரங்கேற்றம். அதற்குள் நகரம் பாட்டில் உள்ளபடியே ஆகட்டும். அந்தப் பொறுப்பைக் கூத்தபிரானே ஏற்கட்டும். பாட்டுக்கு மாறாக ஒன்று தென்பட்டாலும் அவன் நாட்டை விட்டுப் போகட்டும்."

ராஜா உடனே சரி என்றார். கவிராயருக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். ஏனென்றால் கோபுர வாசலை ஒட்டிய முதல் பொரிக்கடை கூத்தபிரானின் மாமியார் உமையாளுடையது. கடையைக் காலி செய்தால் மாமியார் பகை, செய்யாவிட்டால் ராஜா பகை. பயல் எப்படியும் ஒழிந்தான் என்று கணக்குப் போட்டார்.

கூத்தபிரான் முகம் சுண்டிப்போயிற்று. தன் வாயால் ஒரு தெருவையே கெடுத்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டான். ஆனாலும் ஒரு வரம் கேட்டான். பாட்டில் உள்ளபடி தான் எதைச் செய்தாலும் யாரும் தடுக்கக்கூடாது என்றான். ராஜா தம் முத்திரை மோதிரத்தையே கழற்றிக் கொடுத்துவிட்டார்.

கடையில் போய் விஷயத்தைச் சொன்னான். உமையாள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"தேர்க்கூட்டத்துல விக்கிறதை வச்சுத்தானே மாப்பிள்ளை, வருஷம் முச்சூடும் அடுப்பு எரியுது. கடை இல்லைன்னா நான் எங்கே போவேன்? உங்க வீட்டுக்குத்தான் வரணும்."

கூத்தபிரான் அவசர அவசரமாகக் குறுக்கிட்டான். "அத்தை, எல்லாரும் கோட்டை வாசலுக்கு வெளியே ஏரிக்கரைக்குப் போயிடுங்க. தேர் அன்னிக்கு அடுப்பை மட்டும் அணைக்காதீங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றான். உமையாள் நம்பவில்லை. ஆனாலும் சட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

தேர்நாள் வந்தது. ராஜா ஏரியின் ஒதுக்குப்புறமான துறையில் தீர்த்தமாடி, ஈர வேட்டியோடு, கிரீடம் இல்லாமல், வெறும் வயிற்றோடு கோயிலுக்கு நடந்து போவது அந்த ஊர் வழக்கம். சுவாமி தரிசனம் ஆன பிறகுதான் சாப்பாடு. அப்படியே வந்து கோட்டை வாசலில் கால் வைத்தார். குறுக்கே காவலரின் வேல் விழுந்தது! தெருவோ துடைத்துவிட்டது மாதிரி காலியாகக் கிடக்கிறது. கூத்தபிரான் முன்னால் நின்று வெறும் காற்றைக் கும்பிட்டு, கொஞ்சம் ஒதுங்குங்கள் சுவாமி, கொஞ்சம் ஒதுங்குங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறான்.

என்ன இது என்று ராஜா அதட்டினார்.

"மகாராஜா, தேவர்கள் தோளோடு தோள் நிற்கிறார்கள். எள் போட இடமில்லை. ஜனங்களையும் ஏரிக்கரையிலேயே நிறுத்திவிட்டேன். முடிமன்னரும் வழிவிட்டுக் காத்து நிற்பார் என்பது பாட்டு" என்றான் கூத்தபிரான்.

தெரு காலியாக அல்லவா இருக்கிறது என்றார் ராஜா. நம் கண்ணுக்கு அப்படி, கவிராயர் பார்த்துத்தானே எழுதியிருப்பார், அவரையே கேளுங்கள் என்றான் இவன். ராஜா திரும்பினார். கவிராயருக்கு வியர்த்துக் கொட்டியது. இல்லை என்றால் புராணம் பொய், உண்டு என்றால் ராஜா வெயிலில்.

"இருக்கிறார்கள், மகாராஜா" என்றார் மெதுவாக.

அப்புறம் என்ன? ராஜா நின்றார். வெயில் ஏறியது, ராஜா நின்றார். நகர்ந்தார்களா என்று கேட்டால், தேவர்கள் நகர்ந்துவிட்டார்கள், பின்னாலேயே கந்தர்வர்கள் வந்துவிட்டார்கள் என்கிறான் கூத்தபிரான். ராஜாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தரிசனம் தள்ளிப்போனால் பழமாவது சாப்பிடலாம் என்று அரண்மனை மடைப்பள்ளிக்கு ஆள் அனுப்பினார். போனவன் வெறுங்கையோடு வந்தான். பசியே தெரியாத நகரத்தில் அடுப்பு எதற்கு என்று கூத்தபிரான் காலையிலேயே மடைப்பள்ளியைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டானாம்.

"எனக்குப் பசிக்கிறது, புலவரே" என்றார் ராஜா.

கூத்தபிரான் பணிவாகச் சொன்னான்: "நகரத்துக்குள் யாருக்கும் பசிக்கக்கூடாது, மகாராஜா. பசிக்கிறவர்கள் கோட்டைக்கு வெளியேதான் இருக்கவேண்டும்."

ராஜாவுக்குக் கோபம் வந்தது. அதற்கு முன்பே ஏரிக்கரைப் பக்கமிருந்து சூடான பொரி வாசனை வந்துவிட்டது. வெல்லப்பாகு வாசனையும் சேர்ந்துகொண்டது. கோபத்தை அங்கேயே விட்டுவிட்டு ராஜா விறுவிறுவென்று நடந்தார். கவிராயர் பின்னாலேயே ஓடினார்.

ஏரிக்கரையில் திருவிழாவே நடந்துகொண்டிருந்தது! நடந்து களைத்த ஜனங்கள் கடை கடையாக உட்கார்ந்து தின்றார்கள், பூ வாங்கினார்கள், வளையலுக்கு அடித்துக்கொண்டார்கள். ஈர வேட்டியோடு தள்ளாடி வந்தவரை உமையாளுக்கு அடையாளம் தெரியவில்லை. கை நிறையப் பொரி அள்ளிக் கொடுத்தாள்.

"முதல்ல சாப்பிடுங்க சாமி, அப்புறம் பேசலாம். எந்த ஊரு?"

இந்த ஊர்தான் என்றார் ராஜா.

"இந்த ஊருக்காரருக்கா பசி? புராணத்துல அப்படி இல்லையாமே."

ராஜாவுக்குப் புரை ஏறியது. இருமினார். இருமல் சிரிப்பாக மாறியது. கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, கவிராயரைத் தேடிப் பிடித்து இழுத்து வந்து அவர் கையிலும் பொரியைத் திணித்தார். பாவம், அவரும் காலையிலிருந்து பட்டினி. ஒரு பிடி உள்ளே போனதும் இன்னொரு பிடிக்குக் கை தானாக நீண்டது.

கூத்தபிரான் வந்து காலில் விழுந்தான். "மன்னிக்கவேண்டும், மகாராஜா. சுவாமியைப் பார்க்க வருகிறவன் பசியோடுதான் வருகிறான். அவனுக்குச் சோறும் தண்ணீரும் கொடுக்கிற தெருவும் கோயிலைச் சேர்ந்ததுதான். அதை நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை."

கடைகள் மத்தியானமே திரும்பின. அத்தனை சட்டி, கூடை, பெட்டியோடும் சந்நிதித் தெரு திமுதிமுவென்று கோட்டைக்குள் நுழைந்தது. தேவர்கள் எங்கே ஒதுங்கினார்களோ, யாரும் கேட்கவில்லை. ராஜா தரிசனம் செய்தார், தேர் ஓடியது.

சாயங்காலம் அரங்கேற்றம். ராஜா உத்தரவுப்படி கவிராயர் அவசரமாக ஒரு பாட்டுச் சேர்த்திருந்தார். சந்நிதித் தெருப் பொரி வானத்திலிருந்து உதிர்ந்த நட்சத்திரம், அதைப் பொறுக்கத்தான் தேவர்கள் வருகிறார்கள் என்று வாசித்தார். அரங்கேற்றத்தில் எவர் வேண்டுமானாலும் எழுந்து தடை சொல்லலாம், புலவர் அதற்குப் பதில் சொல்லாமல் அடுத்த பாட்டுக்குப் போகக்கூடாது. அது சபை வழக்கம். உமையாள் எழுந்தாள்.

"நட்சத்திரம் இல்லீங்க. நெல்லு. மணல்ல வறுத்தது. உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும், அதையும் எழுதுங்க."

கவிராயர் நாக்கில் அந்த உப்பு இன்னும் இருந்தது. "எழுதுகிறேன், அம்மா" என்றார். நின்ற இடத்திலேயே நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, மணலும் நெருப்பும் உப்புமாகப் பாடினார். ஜனங்கள் மறுபடியும் பாடச் சொன்னார்கள். அவர் ஆயுசில் அப்படி யாரும் கேட்டதில்லை. இன்னொரு தரம் பாடினார்.

ராஜா சிரித்துக்கொண்டே தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரான் கழுத்தில் போட்டு, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார். அத்தையின் கடை என்றைக்கும் கோபுர வாசலிலேயே இருக்க வேண்டும் என்றான் அவன். என்ன பக்தி என்று ராஜா வியந்தார்.

"பக்தி பாதிதான், மகாராஜா. கடை போனால் அத்தை என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்."

அவ்வளவுதான், ராஜா சிரித்த சிரிப்பில் தலைப்பாகை கழன்று உமையாள் மடியில் விழுந்தது. அவள் அதில் பொரியைக் கொட்டி முடிந்து, திருப்பிக் கொடுத்தாள்.