போர் முரசுக்குப் போர்த்திய தோல்

இளநந்தி அடிகளுக்கு வயது முப்பது. அவருடைய சீடர் கொற்றனுக்கு ஐம்பத்திரண்டு. ஊர் இதைச் சொல்லிச் சிரிக்கும். கொற்றன் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. அரசரின் ஆணைகளைத் தெருத்தெருவாக முரசறைந்து சொல்வது அவர் வேலை.

அன்று காலை அவர் அடிகள் தங்கியிருந்த மலையடிவாரத்துக்கு மாட்டுவண்டியில் வந்தார். வண்டியில் போர் முரசு இருந்தது. மறுநாள் விடிந்ததும் அதை அறைந்து படையெடுப்பை அறிவிக்க வேண்டும். முதல் அணியில் போகிறவர்களில் அவருடைய ஒரே மகன் சேந்தனும் ஒருவன்.

கொற்றனுக்கு மனசு சரியில்லை. நான்கு நாளைக்கு முன், அக்கரை நாட்டார் எல்லையில் புகுந்து முந்நூறு பசுக்களை ஓட்டிப் போய்விட்டதாக அரண்மனை சொன்னது. அவரும் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஆனால் மாட்டைப் பறிகொடுத்த ஒருவனைக்கூட அவர் இன்னும் பார்க்கவில்லை. முந்நூறு மாடு போனால் ஒருத்தராவது தலையில் அடித்துக்கொண்டு அழ மாட்டார்களா?

"அடிகளே, சண்டைக்குப் போவதற்காக அரசர் ஜனங்களிடம் பொய் சொல்வாரா?"

அடிகள் எழுந்தார். வண்டியருகே போய் முரசைத் தட்டினார். குனிந்து மோந்து பார்த்தார்.

"புதுத் தோலா?"

"போர் முரசுக்குப் பழைய தோல் ஆகாதே. நான்தான் போர்த்தினேன்."

"ஈர வாடையே இல்லை. காய எத்தனை நாள் ஆகும்?"

தொழிலைப் பற்றிக் கேட்டால் கொற்றனுக்கு வாய் ஓயாது. ஊறப்போடுவது, சதை சீவுவது, இழுத்துக் கட்டுவது, நிழலில் உலர்த்துவது என்று சொல்லிக்கொண்டே போனார். எப்படியும் பன்னிரண்டு நாள் வேண்டும், அவசரப்பட்டால் தோல் கிழிந்துவிடும் என்று முடித்தார். முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

"மாடு போய் நாலு நாள்தானே ஆகிறது," என்றார் மெதுவாக.

அடிகள் முரசின் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"அரசர் முன்யோசனைக்காரர். எதற்கும் இருக்கட்டும் என்று செய்யச் சொல்லியிருக்கலாம்."

"இருக்கலாம்."

அந்த 'இருக்கலாம்' கொற்றனுக்குப் பிடிக்கவில்லை. தோல் போர்த்தும் ஆணையைக் கொண்டுவந்த காவலன், வெளியே மூச்சு விடக்கூடாது என்று சொன்னது நினைவுக்கு வந்தது. இத்தனை நாள் அதை எப்படி மறந்தோம் என்று தன்மேலேயே சந்தேகம் வந்தது. பயமாக இருந்தது. அதைவிட, ஆத்திரமாக இருந்தது.

"பாவி, என் பிள்ளையை ஏமாற்றிவிட்டானே. ஈட்டியைத் தீட்டி வைத்துக்கொண்டு, எப்போது விடியும் என்று உட்கார்ந்திருக்கிறான் சேந்தன்."

"மகன் யார் சொல்லி நம்பினான்?"

"அரசன் சொல்லித்தான்."

"இந்த ஊரில் அரசரின் குரலை யாரும் கேட்டதே இல்லை, கொற்றரே," என்றார் அடிகள். "மகன் கேட்டது உங்கள் குரலை."