பூநாரைகளின் பாஸ்

பறவைகள் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பழவேற்காட்டு ஏரியின் பூநாரைகளுக்குத் தலைவர் என்று யாரும் இல்லை. தலையைச் சேற்றுநீரில் கவிழ்த்து மேய்வார்கள். யாராவது ஒருவர் நிமிர்ந்து காவல் பார்ப்பார் என்று எல்லோரும் நம்பினார்கள். ஒருநாள் அப்படி நம்பியதில் யாருமே பார்க்கவில்லை. நரி வந்து ஓர் இளம்பறவையைத் தூக்கிப்போனது.

அந்தச் சமயத்தில்தான் டச்சுக்காரர்களான ஒல்லாந்தரின் கப்பலைச் சுற்றிவிட்டு ஒரு கடற்காகம் வந்து சேர்ந்தது.

"கப்பல்ல ஒரே ஒருத்தன் சொல்றான், அத்தனை பேரும் கேக்கறாங்க. அவனை பாஸுன்னு கூப்பிடறாங்க" என்றது.

"அவன் என்ன வேலை செய்வான்?" என்று கேட்டாள் சிவந்தி என்ற பூநாரை.

"வேலையா? நிமிர்ந்து நிப்பான்."

கூட்டத்திலேயே உயரமானவன் நெடுங்காலன். அந்தச் சொல்லை அவனுக்குக் கொடுத்தார்கள். அவன் மறுக்கவில்லை. நரி தூக்கிப்போனது அவனுடைய தங்கையை.

முதல் நாள் நன்றாகவே இருந்தது. அவன் ஒரு குரல் கொடுத்தால் கூட்டமே எழும்பியது. நரி இரண்டு முறை வெறும் வாயோடு திரும்பியது. மத்தியானம் பசித்ததும் அவன் கழுத்தை வளைத்தான்.

"பாஸ், என்ன இது?" என்று ஒரு கிழவர் பதறினார். "நீங்க குனியலாமா? நிமிர்ந்து நில்லுங்க, அது போதும் எங்களுக்கு."

பூநாரைக்குக் குனியாமல் சாப்பிட வராது. அலகின் அமைப்பு அப்படி. தலைகீழாகக் கவிழ்ந்து அலசினால்தான் சேறு போய் இரை தங்கும். கூட்டத்தில் இதை அறியாதவர் இல்லை. ஆனால் பாஸ் சாப்பிட்டாரா என்று கேட்பது மரியாதையாக இருக்காது என்று நினைத்தார்கள்.

ஐந்தாம் நாள் அவன் சிறகின் சிவப்பு வெளுக்கத் தொடங்கியது. "பாஸுக்கு என்ன நிறம் பாருங்க" என்று பெருமைப்பட்டார்கள். கடற்காகமும் வந்து பார்த்துவிட்டு, "கப்பல் பாஸும் இதே வெள்ளைதான்" என்றது.

ஏழாம் நாள் காலையில் அவன் கால்கள் நடுங்கின. கரைப் புதருக்குள் நரி படுத்திருந்தது. தான் விழுவதற்காகவே அது காத்திருக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. அவன் விழுந்துவிட்டால் காவல் பார்க்க வேறு ஒருவரும் பழகியிருக்கவில்லை.

நெடுங்காலன் எல்லோர் முன்னாலும் குனிந்து தலையைச் சேற்றில் கவிழ்த்தான்.

கூட்டமே மேய்வதை விட்டுக் கழுத்தை நிமிர்த்தியது.

"நரி இருக்குடா. நீ குனிஞ்சா யாரு பாக்கறது?" என்று கத்தினாள் சிவந்தி. அவள் கழுத்து விறைத்து நீண்டிருந்தது.

அவன் ஒரு வாய் விழுங்கிவிட்டு, சேறு வழியும் முகத்தைத் தூக்கினான். "நீங்க நிமிர்ந்துதானே நிக்கறீங்க. கொஞ்ச நேரம் நீங்க பாஸா இருங்க. எனக்குப் பசிக்குது."

மறுபடியும் குனிந்துகொண்டான். சிவந்தி புதரையே பார்த்தபடி நின்றாள். நரி எழுந்து போகும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அவளுக்கும் பசித்தது. பக்கத்தில் நின்ற யாரோ ஒருவனிடம், பெயர்கூடக் கேட்காமல், "பாஸ், கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுக் குனிந்தாள். அங்கே வலை வீசிக்கொண்டிருந்த மீனவர்களின் காதில் அது விழுந்தது.

அன்று தொட்டுத்தான் பூநாரைகள் முறை மாற்றிக் காவல் நிற்கின்றன. நாமும் பஸ் நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருவரிடம், "பாஸ், பையைக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகிறோம்.