பத்திரமாக வைத்த உளி

நாககிரி ராஜாவுக்கு ஆள எட்டு ஊர். பட்டப்பெயரோ பதினாறு முழம். அவர் சபைக்கு மணித்தீவிலிருந்து கோமளேசன் என்ற ஆள்பிடிக்கும் தரகன் வந்தான். அவன் பேசினால் தேனீக்கள் வழிதவறி வாய்க்குள் புகுந்துவிடுமாம். நான் பார்க்கவில்லை, தேனீதான் சொன்னது.

"நாற்பது கல்தச்சர்களை அனுப்புங்கள் மகாராஜா. கோயில் கட்டுகிறோம். அவர்களுக்கு ராஜ உபசாரம்!"

ராஜா உருகிவிட்டார். கப்பல் பாய் விரிக்கப் போகிற நேரம், போன வருஷம் அங்கே போய்த் தப்பி வந்த தச்சர் பொன்னம்பலம் சபைக்குள் ஓடி வந்தார்.

"சாமி, அனுப்பாதீங்க! என் தம்பியும் கப்பல்ல இருக்கான். கரையில இறங்கினதும் உளியை வாங்கிக்கிட்டாங்க. சிலை செதுக்கின கையால பத்து மாசம் சேறு சுமந்தேன். சொந்த உளி இல்லாதவனை எந்தப் பட்டறையும் சேர்க்காதுங்களே! வேற எங்க போவேன்?"

கோமளேசன் அசரவில்லை. "வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கிறோம் பிரபு! பிழைக்க வந்தவன் தொழில் கருவியை ஒப்படைப்பது எங்கள் தீவு வழக்கம். எல்லாம் அவன் நன்மைக்குத்தான்."

"நல்ல வழக்கம்தானே?" என்றார் ராஜா.

விகடர் சாத்தையா எழுந்தார். "ரொம்ப நல்ல வழக்கம். இங்கேயும் இப்போதே சட்டமாக்குங்கள்."

"ஐயா, நீங்களுமா?" பொன்னம்பலம் தலையில் கைவைத்தார். ராஜா முத்திரை குத்தினார்.

சாத்தையா தரகன் பக்கம் திரும்பினார். "தரகரே, இந்த ஊருக்கு எதற்கு வந்தீர்?"

"தொழிலுக்குத்தான்."

"கருவி?"

"கருவியா! நான் ஒரு துரும்பைக்கூடத் தூக்கியதில்லை. எல்லாம் பேச்சிலேயே முடித்துவிடுவேன்."

"அப்படியா? யாரங்கே! வைத்தியரைக் குறடோடு வரச்சொல். ஐயாவின் நாக்கைப் பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும். எல்லாம் அவர் நன்மைக்குத்தான்."

கோமளேசன் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டான். மறு கையால் அவன் ஓலை எழுதிய வேகத்தில் எழுத்தாணி புகைந்தது. 'உளி தச்சனிடமே இருக்கும். கல் வேலை தவிர வேறு வேலை கிடையாது. ஊர் திரும்ப நினைத்தால் அடுத்த கப்பலிலேயே அனுப்பப்படும். பொன்னம்பலத்தின் உளி முதல் கப்பலிலேயே வந்து சேரும்.'

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "சாத்தையா, என்ன பரிசு வேண்டும்?"

"பரிசு கிடக்கட்டும் மகாராஜா. முதலில் அந்தச் சட்டத்தைக் கிழியுங்கள். நானும் வெளியூரிலிருந்து இங்கே பிழைக்க வந்தவன். வைத்தியர் வேறு குறடோடு வாசலில் நிற்கிறார்!"