வந்தபோது இருந்தபடி

2019 ஏப்ரல் 27, சனிக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குக் காரைமேட்டு ஏரிப் பூங்காவின் வாசலில் ஐந்து பேர் வந்து இறங்கினார்கள். அவர்களில் மாப்பிள்ளையின் பெயர் நஞ்சப்பன்.

மாப்பிள்ளை என்றால் இன்னும் ஆகவில்லை. பதினோரு வீட்டில் பெண் பார்த்து, பதினோரு வீட்டிலும் பஜ்ஜி தின்று, "சொல்லி அனுப்பறோம்" என்ற பதிலோடு திரும்பியவன். பன்னிரண்டாவதாகச் சிவகாமி வீட்டில்தான் தலையாட்டியிருந்தார்கள். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நிச்சயம். வெள்ளிக்கிழமை போனில் பேசும்போது சிவகாமி, "ஊரைத் தாண்டி ஒரு ராத்திரியாச்சும் வெளியில தங்கியிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டாள். நஞ்சப்பன் தங்கியதில்லை. பொய்யும் வராது. "ஞாயித்துக்கிழமை சொல்றனுங்க" என்று போனை வைத்தான். மறுநாள் விடிவதற்குள் வாடகைக்கு ஒரு கூடாரமும், துணைக்கு நான்கு பேரும் ரெடி.

நால்வரில் மூத்தவர் நாச்சிமுத்து. எழுத்து எங்கே இருந்தாலும் நின்று படிப்பவர், படித்ததை மீறாதவர். அடுத்தவன் மாரப்பன், எதற்கும் ஒரு யோசனை வைத்திருப்பான். சின்னானும் குட்டியப்பனும் யார் சொன்னாலும் கேட்பார்கள்.

கூடாரத்தோடு ஒரு தாள் இருந்தது. நாச்சிமுத்து சத்தமாகப் படித்தார். "நான்கு பேர் நான்கு மூலைகளையும் இழுத்துப் பிடிக்கவும்."

பிடித்தார்கள். நஞ்சப்பன் ஆணிகளை அடித்து முடித்தான். கூடாரம் ஜம்மென்று நின்றது. நால்வரும் விடவில்லை.

"விட்டர்லாமுங்களாண்ணா?" என்றான் சின்னான், அரைமணி நேரம் கழித்து.

"விடச் சொல்லி எங்கியும் போடலியேப்பா" என்றார் நாச்சிமுத்து, தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு.

பூங்காவின் காவல்காரர் ஆறுச்சாமி அந்தப் பக்கமாக வந்தார். நான்கு மூலைக்கும் நான்கு பேர் நிற்பதைப் பார்த்தார். முப்பது வருஷ வேலையில் எதையும் ஏனென்று கேட்காமல் இருக்கப் பழகியவர். "தம்பி, குரங்கு வரும். சாப்பாட்டுப் பையைப் பாத்துக்குங்க" என்று மட்டும் நஞ்சப்பனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று குரங்குகள் வந்தன. நஞ்சப்பன் கண் இமைக்காமல் பார்த்தான். பை போனது.

"பாத்தியாப்பா?" என்றார் நாச்சிமுத்து மூலையிலிருந்து.

"நல்லாப் பாத்தனுங்க. பெரிசுக்கு வால் கொஞ்சம் குட்டை. எலுமிச்சஞ் சோத்தைத்தான் மொதல்ல எடுத்துச்சு."

"அப்பச் சரி."

அன்று இரவு நால்வரும் நின்றார்கள். மாப்பிள்ளை மட்டும் உள்ளே தூங்கினான். ஊரைத் தாண்டி ஒரு ராத்திரி. சிவகாமிக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குக் கூடாரத்தைச் சுருட்டினார்கள். நிச்சயம் நடக்கும் மண்டபத்துக்கு ஒரு மணி நேரப் பயணம். எல்லாம் கணக்காக இருந்தது. வாசலின் உள்பக்கம், வெளியே போகிறவர்களைப் பார்த்தபடி ஒரு பலகை மட்டும் இல்லாதிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"பூங்காவை, வந்தபோது இருந்தபடியே விட்டுச் செல்லவும்."

நாச்சிமுத்து இரண்டு முறை படித்தார். பிறகு எல்லாரையும் உட்காரச் சொன்னார்.

"நாம வந்தப்ப இங்க என்னென்ன இருந்துச்சு? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

"வேப்பமரத்தடியில செவலை நாய் ஒண்ணு தூங்குச்சுங்க" என்றான் குட்டியப்பன்.

நாய் இப்போது விழித்திருந்தது, அதுவும் பலமாக. நால்வர் சேர்ந்து அதைப் பிடித்து மரத்தடியில் கிடத்தினார்கள். சின்னான் தாலாட்டுப் பாடினான். அவன் குரலுக்குப் பயந்தோ என்னவோ, மூன்றாம் ஆராரோவில் நாய் கண்ணை மூடிக்கொண்டது.

"பாறை மேல கொக்கு ஒத்தக் கால்ல நின்னுச்சுங்க" என்றான் சின்னான்.

கொக்கு பாறைமேல்தான் இருந்தது. ஆனால் இரண்டு காலில். மாரப்பன் அதன் எதிரே போய் ஒற்றைக் காலில் நின்று காட்டினான். கொக்கு அவனைப் பார்த்தது. கற்றுக்கொள்ளவில்லை.

"அது கெடக்கட்டும். வேப்பமரத்து நெழல் மேக்கால விழுந்திருந்துச்சே?" என்றார் நாச்சிமுத்து. எல்லாரும் திரும்பினார்கள். நிழல் கிழக்கே கிடந்தது.

"மரத்தைத் திருப்பி நட்டா நெழலும் திரும்புமுங்களா?" என்றான் மாரப்பன்.

"திரும்பும். ஆனா நாய் முழிச்சுக்குமே."

நஞ்சப்பன் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று அடிக்கப் பத்து நிமிடம். "அண்ணா, நாலு மணிக்கு நிச்சயமுங்க. இதுவும் போச்சுன்னா எனக்கு வேற வீடு இல்லீங்க."

"நெழல் நாளைக்கு ஆறு பத்துக்குச் சரியா வந்துரும். அதுவரைக்கும் பொறுத்துக்க" என்றார் நாச்சிமுத்து. "போர்டைத் தாண்டிப் போன பயலுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?"

அது நஞ்சப்பனுக்கும் நியாயமாகத்தான் பட்டது. அதுதான் கொடுமை.

ஆறுச்சாமி ஓடிவந்தார். "போங்க சாமிகளா! நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நீங்க சொல்லலீங்க. போர்டு சொல்லுதுங்களே" என்றார் நாச்சிமுத்து.

நான்கேகாலுக்குச் சிவகாமி வீட்டிலிருந்து போன். நஞ்சப்பன் நாய், கொக்கு, நிழல் மூன்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள். பன்னிரண்டாவதும் போயிற்று என்று போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, கொக்கைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.

ஐந்தரைக்கு வேன் ஒன்று வந்து நின்றது. இரு வீட்டாரும் சேர்த்து முப்பத்தொரு பேர், தட்டு, பூ, பழத்தோடு. முதலில் குதித்தவர் பெண்ணின் தாய்மாமன் வையாபுரி. "மண்டபத்துல எல வாடுது, இங்க கொக்கு பாத்துட்டு நிக்கறானுங்க! கிறுக்குப் பசங்களா! அம்மிணி, வண்டியில ஏறு, இது நமக்கு ஆகாது."

சிவகாமி ஏறவில்லை. பலகையைப் படித்தாள். நாயைப் பார்த்தாள். நிழலைப் பார்த்தாள். நேராக நஞ்சப்பனிடம் வந்தாள்.

"கொக்கு எந்தக் காலைத் தூக்கியிருந்துச்சுங்க?"

நால்வரும் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். இந்தக் கேள்வி நாச்சிமுத்துவுக்கே தோன்றவில்லை.

"எடது காலுங்க" என்றான் நஞ்சப்பன்.

"உறுதியாவா?"

"உறுதியாத்தானுங்க. ஊனியிருந்த வலது கால்ல பாசி ஒட்டியிருந்துச்சு."

சிவகாமி மாமனிடம் திரும்பினாள். "மாமா, தட்டை எடுங்க. இப்படிக் கவனமா இருக்கறவரு நமக்கு எங்க கெடைப்பாரு?"

வேப்பமரத்தடியில், நாய் எழுந்துவிடாதபடி மெதுவாகப் பேசி, தட்டு மாற்றினார்கள். வையாபுரியும் ஆசீர்வாதம் செய்துவிட்டு, "சரி, நாங்க கெளம்பறோம். நீங்க நெழல் வந்ததும் காலையில வாங்க" என்று வேனை நோக்கி நடந்தார். பலகைக்கு முன்னால் நின்றார். மெல்லத் திரும்பினார்.

"ஏனுங் நாச்சிமுத்து, நாங்க வந்தப்ப நீங்க அஞ்சு பேரும் இங்க இருந்தீங்கல்ல?"

"இருந்தமுங்க."

"அப்ப நீங்க போனீங்கன்னா, நாங்க வந்தபோது இருந்தபடி எப்படி இருக்கும்?"

நாச்சிமுத்து பலகையை இன்னொரு முறை படித்தார். "நாங்க வந்தப்ப நீங்க இல்லீங்களே. அதனால நீங்க மொதல்ல போகோணும்."

"போலாம். நாங்க போன பொறவு நீங்க போகமாட்டீங்கன்னு எங்களுக்கு யாரு ஜவாப்பு? இருந்துதான் பாக்கோணும்."

வேனிலிருந்து பாய்களை இறக்கினார்கள். ஆறுச்சாமி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜூன் 12, புதன்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு நஞ்சப்பனுக்கும் சிவகாமிக்கும் காரைமேட்டு ஏரிப் பூங்காவில் கல்யாணம் நடந்தது. இரு வீட்டாரும் ஏற்கெனவே அங்கேதான் இருந்தார்கள்.