லத்தீன் படித்த வாத்துகள்

ஒரு காட்டில் ஒரு குளம், குளம் நிறைய வாத்துகள். தலைக்கனம் என்றால் அப்படியொரு தலைக்கனம். கொக்கும் நாரையும்கூட அவற்றின் கண்ணுக்குப் பட்டிக்காடுகள்தான்.

இந்தப் பெருமைக்காரர்களை எப்படி வளைப்பது என்று ஒரு நரிக்குத் தெரிந்திருந்தது. "அம்மணிகளே, வெளிநாட்டில் லத்தீன் தெரியாதவர்களை யாரும் மதிப்பதில்லையாம். வினாடி வினா விளையாடியே கற்றுக்கொள்ளலாம். நான் சொல்லித் தருகிறேன்" என்றது.

வாத்துகள் தண்ணீரில் மிதந்தபடியே ஒரு வாரம் ஒப்பித்தன. பிறகு நரி போட்டி வைத்தது. அதற்குக் கரையேற வேண்டுமாம். தோற்றால் தாழம்புதருக்குப் பின்னால் போய்ப் பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டுமாம். அங்கே வாத்தியாராகக் காத்திருந்தது நரியின் தம்பி. அது என்ன பாடம் நடத்தும் என்று உங்களுக்கே தெரியும், பிள்ளைகளே. அந்த மேதைகளுக்குத்தான் தெரியவில்லை.

"நரிக்கு லத்தீனில் என்ன பெயர்?" என்று கேட்டது நரி.

"வுல்பெஸ்" என்றது செம்மூக்கி, நரியின் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே. அந்தக் கூட்டத்தில் அதுதான் படிப்பில் முதல். மற்றவை சிறகு தட்டிப் பாராட்டின. என்ன அறிவு பாருங்கள்.

"ரோமாபுரிப் பிரபுக்கள் எதை உடுத்தினார்கள்?"

"வேட்டி" என்றது ஒரு குண்டு வாத்து.

"தவறு. தோகா. புதருக்குப் பின்னால் போங்கள்."

குண்டு வாத்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனது. மற்றவை கேலி செய்து சிரித்தன. சற்று நேரத்தில் புதருக்குள் ஓர் அலறல் கேட்டது.

"அது என்ன சத்தம்?" என்று ஒரு சின்ன வாத்து எழுந்தது.

"தோற்ற வயிற்றெரிச்சல். அழுதால் மார்க் வந்துவிடுமா? நீங்கள் அடுத்த கேள்வியைக் கேளுங்கள், ஐயா" என்றது செம்மூக்கி. சின்னதும் உட்கார்ந்துவிட்டது.

நரி கேட்டுக்கொண்டே போனது. சின்ன வாத்தும் போனது, அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகப் போயின. எதுவும் திரும்பி வரவில்லை. செம்மூக்கிக்கோ போட்டி குறைகிறதே என்று ஒரே குஷி. கடைசியில் கரையில் அது மட்டும் மிஞ்சியது. தம்பி நரி வாயை நக்கிக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

"கடைசிக் கேள்வி. ராத்திரியில் எதிரிகள் மலையேறி வந்தபோது ரோமாபுரியைக் காப்பாற்றியது யார்?"

செம்மூக்கிக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்கள் இனம்தான், ஐயா. நாய்கள் சும்மா கிடந்தன. வாத்துகள் எல்லாம் ஒன்றாகக் கத்தி வீரர்களை எழுப்பிவிட்டன."

"முற்றிலும் சரி. எங்கே, நீயும் கத்து பார்ப்போம்" என்றது நரி.

செம்மூக்கி திரும்பிப் பார்த்தது. குளத்தில் ஒரு வாத்துகூட இல்லை. அப்போதுதான் அதற்கு விஷயம் புரிந்தது. தொண்டை கிழியக் கத்தத்தான் செய்தது. கூடச் சேர்ந்து கத்த யார் இருந்தார்கள்?

நீதி: பக்கத்தில் கேட்கும் அலறலுக்கு எழுந்திருக்காதவன், எத்தனை மொழி கற்றாலும் முட்டாளே.