சன்னாசி அண்ணன் நூல் பிடிச்ச ஜீப்பு

மீசையை வச்சு எவனாவது பந்தயம் கட்டுவானா? நான் கட்டினேன். ஞாயித்துக்கிழமை சின்னமனூர் பக்கம் சேத்துக்காட்டுல ஜீப் பந்தயம். என் மச்சினன் தவசிக்கு முன்னாடி நான் போய்ச் சேரலேன்னா, மாமனார் வீட்டு வாசல்ல உட்கார்ந்து, சொந்தக்காரங்க அத்தனை பேர் முன்னாடியும் மீசையை எடுக்கணும். அவன் தோத்தா அவன் எடுக்கணும்.

என் ஜீப்பு என்னடான்னா சொன்ன பேச்சைக் கேக்கல. வண்டியை ஒரு அடி ஒசத்தி, பெரிய டயர் மாட்டி, முன்பக்கம் மட்டும் ஒரு பழைய மிலிட்டரி வண்டியோட ஆக்சிலைப் போட்டிருந்தேன். அன்னைலேர்ந்து நாப்பதைத் தாண்டினா ஸ்டியரிங் இப்படியும் அப்படியும் அலையும். போடி பைபாஸ்ல சன்னாசி அண்ணன் வீல் அலைன்மெண்ட் கடைக்கு ஏற்கெனவே ரெண்டு தடவை போயாச்சு. சனிக்கிழமை காலையில மூணாவது தடவை போய் நின்னேன்.

அண்ணன் மூக்குக்குக் கீழ துண்டைச் சுத்திக் கட்டியிருந்தார். கேட்டா, "தூசி தம்பி, ஒத்துக்க மாட்டேங்குது"ன்னார். எதுத்த டீக்கடை போதுமணி அக்கா, "ஆமாமா, பெரிய தூசி"ன்னு சிரிச்சுச்சு.

அண்ணன் முன் டயரைத் தடவிப் பார்த்தார். ஒரு பக்கமா தடவினா வழவழன்னு போகுது, திருப்பித் தடவினா ரம்பம் மாதிரி கையைப் பிடிக்குது. "ரெண்டு சக்கரத்துக்கும் பேச்சுவார்த்தை இல்ல தம்பி. நான் பேசி முடிச்சு வைக்கிறேன்"னு சொல்லி, முன் சக்கரம் நேரா நிக்குதான்னு பார்க்க, பின் டயர்ல ஒரு நூலைக் கட்டி முன் டயர் வரைக்கும் இழுத்துப் பிடிச்சார். கை வேலையில இருந்தா அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"போன வருஷம் வண்டிப்பெரியாறுல இருந்து ஒருத்தன் போன்ல அழுவுறான், ஸ்டியரிங் அலையுதுன்னு. ஹாரனை அடிறான்னேன். அடிச்சான். வலது சக்கரம் கால் இஞ்சு உள்ள பார்க்குதுடான்னேன். அளந்து பார்த்தா கால் இஞ்சு!"

"ஹாரனுக்கும் சக்கரத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?"ன்னுச்சு அக்கா.

"ரெண்டும் ஒரே வண்டியில தானக்கா இருக்கு?"

"அண்ணே, நாளைக்குப் பந்தயம்"னேன் நான். காதுலயே வாங்கல.

"இதெல்லாம் ஒரு கோளாறா தம்பி? குரங்கணியில ஒரு எஸ்டேட் ஜீப்பு. இடது சக்கரம் மூணாறைப் பார்க்குது, வலது சக்கரம் மதுரையைப் பார்க்குது. ரெண்டும் விட்டுக்கொடுக்கல. கடைசியில இடது பக்கம் உட்கார்ந்தவன் மூணாறுல இறங்கினான், வலது பக்கம் உட்கார்ந்தவன் மதுரையில இறங்கினான்."

"டிரைவரு?"ன்னுச்சு அக்கா.

"அவன் பாவம், இங்கேயே நின்னு என்னைத் தேடிக்கிட்டு இருந்தான்."

அக்கா டீயை ஆத்தறதை நிறுத்திட்டு அவரையே பார்த்துச்சு. அவர் நட்டை முறுக்கிக்கிட்டே அடுத்ததுக்குப் போயிட்டார்.

"அந்த வண்டியை நான் சரி பண்ணிவிட்டேன் பாரு! போடிமெட்டு ஏறுறான், பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஸ்டியரிங்கையே தொடல. கையைக் கட்டிக்கிட்டுத் தூங்குறான்."

"வளைவுல எப்படிய்யா திரும்புச்சு?"

"வண்டி எதுக்குக்கா திரும்பணும்? நான் வச்ச நேர் அப்படி. ரோடு பார்த்துச்சு, இது திரும்புற வண்டி இல்லன்னு, அதுவா நிமிந்து கொடுத்துருச்சு. வண்டி போனப்புறம்தான் மறுபடி வளைஞ்சுச்சு. பின்னாடி பஸ்ஸு வருதில்ல?"

சிரிக்கிற நிலைமையில நான் இல்ல. வண்டியை எடுத்துக்கிட்டுப் போய் ஒரு ரவுண்டு அடிச்சேன். முன்னைவிட மோசமா அலைஞ்சுது. திரும்பி வந்து கடை முன்னாடி நிறுத்தும்போது எனக்கு அழுகையே வந்துருச்சு. "போச்சுண்ணே, என் மீசை போச்சு"ன்னேன். "ரோடு கோணல் தம்பி"ன்னார் கூசாம.

அந்த நேரம் போதுமணி அக்கா குனிஞ்சு தரையைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. புழுதிக்கு அப்பதான் தண்ணி தெளிச்சிருந்துச்சு. ஈரத்துல என் டயர்த் தடம் பளிச்னு விழுந்திருந்துச்சு.

"ஏய்யா சன்னாசி, இங்க வந்து பாரு. வண்டி நேராத்தான் வந்துச்சு. பின் சக்கரம் பதிஞ்சதுக்கு வெளிய, ரெண்டு பக்கமும், முன் சக்கரத் தடம் மூணு விரக்கடை தனியா தெரியுது. முன்னாடி ஆக்சில் அகலம், பின்னாடி குறுகல். பின் டயர்லேர்ந்து நூலைப் பிடிச்சா நூலே கோணலால்ல வரும்? அந்தக் கோணலுக்கு நீ சக்கரத்தைத் திருப்பி வச்சா, ரெண்டும் வெளிப்பக்கம்தானே பார்க்கும்?"

அண்ணன் தடத்தைப் பார்த்தார். நூலைப் பார்த்தார்.  

"பத்து வருஷமா என் கடைக்கு எதுத்தாப்புல இருக்கேல்லக்கா, அதான். என் தொழில் உன் கண்ணுக்கும் ஏறிருச்சு"ன்னார்.

நூலைத் தூக்கிப் போட்டுட்டு அளக்குற டேப்பை எடுத்தார். ரெண்டு முன் டயருக்கும் நடுவுல முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவுன்னு அளந்து, முன்பக்கம் துளி குறைவா வச்சு இறுக்கினார். மறுபடி ஓட்டிப் பார்த்தேன். அறுபதுல கையை விட்டேன். வண்டி கோடு போட்ட மாதிரி போச்சு. அக்கா காலைத் தொட்டுக் கும்பிடலாமான்னு இருந்துச்சு எனக்கு.

அண்ணன் நெஞ்சைத் தட்டினார். "தம்பி, நாளைக்கு நீ தோத்தா உன் மீசைக்குப் பதிலா இந்தச் சன்னாசி மீசையை எடுக்கிறேன். இது சத்தியம்!"

அக்கா வந்து துண்டை ஒரே இழுப்பா இழுத்துச்சு. மூக்குக்குக் கீழ மொழுமொழுன்னு ஒண்ணுமே இல்ல.

"எந்த மீசையைய்யா எடுப்ப? போன வாரம் தவசி ஜீப்புக்கு இதே நூலைப் பிடிச்சு, வண்டி அலைஞ்சா மீசையை எடுக்கிறேன்னு இதே மாதிரி சத்தியம் பண்ணித்தானே எடுத்த? அந்தப் பய இவனைப் பார்த்து அதே மாதிரி ஆக்சிலைப் போட்டுக்கிட்டு இன்னும் அலைஞ்சுக்கிட்டுத் திரியுறான். சாயங்காலம் மறுபடி வர்றேன்னு சொல்லியிருக்கான்."

நான் மெதுவா என் மீசையைத் தடவிக்கிட்டேன். அண்ணன் கையிலிருந்த டேப்பை வாங்கி என் சட்டைப் பையில போட்டேன்.

"அண்ணே, சாயங்காலம் அவனுக்கு நூல்லயே பிடிச்சு விடுங்க. உங்க பேரு கெட்டுறக் கூடாதுல்ல."